வாசலில் ஆறு வினாடி

நேரம் ஒன்று பத்து, ஆள் ஒன்று, பெயர் கன்னியப்பன். பட்டாளத்தில் யார் என்ன கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்லவேண்டும். பெயர் கடைசியில் வரும், அவர்களுக்கு அது கடைசியாகத்தான் தேவைப்படும். பட்டாளத்தை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியும் மனசுக்குள் ரிப்போர்ட் கொடுப்பது நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கொடுக்கிறேன், பல் தேய்க்கும்போது கொடுக்கிறேன், இப்போது கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவின் இரண்டாம் ஃப்ளோரில், தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், பாராசூட் வாரில் தொங்கிக்கொண்டும் கொடுக்கிறேன். மேலே பாதிக் குடை விரிந்திருக்கிறது, மீதிப் பாதி காமிராவுக்குத் தெரியாது என்பதால் தைக்கவில்லை. குடையைத் தாண்டி ஒரு தேக்கு உத்தரம், உத்தரத்தில் இரும்பு வளையம், வளையத்தில் கயிறு, கயிற்றில் நான். சாப்பாட்டு மணி அடித்ததும் ஏகாம்பரம் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். கயிறு இழுப்பது அவன் வேலை. "இன்னாபா, எறக்கட்டா? உன்ன எறக்கி மறுபடி ஏத்த அரை மணி ஆவும். காலு ஷாட்டு ஒண்ணு பாக்கி கீது. இப்டியே இருந்துக்கிறியா?" என்றான். இருந்துக்கிறேன் என்றேன். "பசிக்காது?" என்றான். பசிக்காது என்றேன். "ஏழு தபா குதிச்ச ஆளு, ஒனக்கு இது ஊஞ்சலு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். விளக்குகளை அணைத்தார்கள். காற்றுக்கு வைத்திருந்த பெரிய விசிறி நின்றது. சாம்பார் வாசனை மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டது. கால் ஷாட், என் கால்கள் மட்டும் ஆகாசத்தில் தெரிவது, ஐந்து நிமிஷ வேலை. அதற்கடுத்தது வாசல் ஷாட். நகைச்சுவை நடிகர் சிங்காரத்துக்கு நான் டூப். அவருக்காக நான் விமானத்தின் வாசலுக்கு வந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டவேண்டும். பின்னாலிருக்கும் சிப்பாய் என் பின்புறத்தில் ஒரு உதை விடுவான், நான் கத்திக்கொண்டு விழவேண்டும். பதினாறு அடி, கீழே வைக்கோல், அதன் மேல் மெத்தை. டைரக்டர் நரஹரி காலையில் சொன்னபோது சரிங்க என்றேன். ஏழு தடவை குதித்தவன் வேறு என்ன சொல்வான்? நான் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை.

கயிற்றின் முறுக்கு அவிழ்கிறது, அதனால் மெல்லச் சுற்றுகிறேன். முதலில் வானம். ஐம்பது அடி அகலத் துணியில் ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் தீட்டிய வானம், மூன்று மேகம், நடு மேகத்தின் ஓரத்தில் யாரோ ஏணியிலிருந்து தடுமாறியபோது வைத்த கை அடையாளம். காமிராவுக்கு அது மேகத்தின் மடிப்பு. அடுத்தது சுவர், சாக்குப்பை தொங்கவிட்ட சுவர், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. அதற்கடுத்தது வாசல். மூங்கில் சாரத்தின் மேல் ஒட்டுப்பலகையில் செய்த அரை விமானம், வெள்ளி வர்ணம் இன்னும் காயவில்லை. அதன் பின்பக்கம் நான் தொங்குகிற இடத்திலிருந்து தெரிகிறது. பின்பக்கத்தில் விமானம் கிடையாது, ஒரு ஆணியும் ஆணியில் யாரோ மாட்டிய சட்டையும்தான். மறுபடி வானம். பாதித் தூக்கம் மாதிரி இருக்கிறது. தொடையிடுக்கில் வார் இறுக்குகிறது, இடது கால் மரத்துப்போய் வேறு யாருடைய காலோ என் பூட்ஸைப் போட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது. அது நல்லதுதான். கால் மரத்துப்போச்சுங்க என்று சொல்லலாம், நம்புவார்கள். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கேட்டுக்கு வெளியே ஆள் நிற்கிறான், பல்லாவரம் கோதண்டம், ஒல்லி, என் உயரம், என் வளைந்த முதுகு. அவனைக் கூப்பிட்டு என் உடுப்பை அவனுக்குப் போட்டு, நான் பின்கதவு வழியாகப் போவதற்குள் அவன் மேலே ஏறியிருப்பான். முடியாது என்று சொல்கிறவனை மற்றவர்கள் பார்க்கும் முன் அப்புறப்படுத்திவிடவேண்டும். இது சினிமா கண்டுபிடித்தது இல்லை. சுவர். வாசல்.

இந்தப் படத்துக்கு முன்னால் நரஹரி எங்களை மவுண்ட் ரோடில் ஒரு தியேட்டருக்கு மூன்று நாள் காலைக் காட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் படம். பொறுக்கி எடுத்த சிப்பாய்கள், சிவப்புத் தொப்பி, பாலத்தைத் தகர்ப்பது, ஒரு கர்னல், அவர் வாயில் ஒரு புகைக்குழாய். நரஹரி இருட்டிலேயே நோட்டில் எழுதினார். வெளியே வெளிச்சத்தில் பார்த்தால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன, அப்படித்தான் இந்தக் கதை உருவாயிற்று என்று சிங்காரம் எல்லோரிடமும் சொல்கிறார். நான் வேறு விஷயம் பார்த்தேன். அந்தப் படத்தில் வாசலுக்கு வருகிறவனுக்குத் தாடை இருக்கிறது. தாடையை இறுக்கினால் தைரியம். பயந்தாங்கொள்ளி ஒருவன் இருப்பான், அவனுக்குத் தாடை சிறிசு, முதல் ரீலிலேயே தெரிந்துவிடும், கடைசி ரீலில் செத்துப்போய் நல்லவன் ஆவான். யாரும் வாந்தி எடுப்பதில்லை. உண்மையில் விமானத்துக்குள் வாந்திதான் முதல் வாசனை, அடுத்தது பெட்ரோல், அடுத்தது ரப்பர். அந்த நடிகர்களில் ஒருத்தர் நிஜமாகவே யுத்தத்தில் குதித்தவர், அதைப் பற்றி யார் கேட்டாலும் பேசமாட்டார் என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்ததாக அசிஸ்டென்ட் ஒருவர் சொன்னார். எந்த ஆள் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் கதையை விட்டுவிட்டு முகங்களைத் தேடினேன். கர்னல் இல்லை. தாடைக்காரன் இல்லை. விமானத்தின் கோடியில் உட்கார்ந்து கையைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வசனமே இல்லாமல், முன்னாலிருப்பவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தன். அவனாகத்தான் இருக்கவேண்டும். கையை அங்கே வைத்தால்தான் நடுங்குவது தெரியாது. பேசமாட்டார் என்றால் குதித்ததனால் பேசமாட்டாரா, இல்லை என்னைப் போலவா? நானும்தான் பேசமாட்டேன். எத்தனை தடவை குதிச்சே என்று முதல் ஸ்டூடியோவில் கேட்டபோது ஏழு என்றேன், பயிற்சிக்கு ஏழு குதி என்பது கணக்கு, அதோடு சரி. பேசாமல் இருக்க இருக்க ஏழு நிஜமாகிவிட்டது. வீட்டில் தனபாக்கியம் பக்கத்துக்காரிகளிடம், "ஏழு தரம் ஆகாசத்துலேர்ந்து குதிச்ச மனுஷன், கெணத்தை எட்டிப்பாக்கச் சொன்னா மட்டும் மாட்டேங்கிறாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பெரிய உபகாரம். வானம். கை அடையாளம். சுவர்.

கமலநாதனுக்கு நடை சொல்லிக் கொடுத்தது நான்தான். கதாநாயகன், மேஜர் வேஷம். ஷூட்டிங் இல்லாத நாளிலும் சிவப்புத் தொப்பியோடு காரில் போகிறார், போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகளெல்லாம் சல்யூட் அடித்தார்களாம், அவரும் திருப்பி அடித்தாராம், கையை மடக்கிய விதம் தப்பு. மேக்கப் அறைக்குக் கூப்பிட்டு, "கன்னியப்பன், நான் நடந்தா வக்கீல் மாதிரி இருக்குன்னு டைரக்டர் சொல்றார். உங்க ஆளுங்க எப்படி நடப்பாங்க? அந்த மாதிரி தனிப்படை ஆளுங்களுக்குன்னு ஒரு நடை இருக்குமில்லே?" என்று கேட்டார். அப்படி ஒரு நடையும் கிடையாது, எல்லோரும் பூட்ஸ் கடித்த மாதிரி நடப்போம். ஆனால் இருக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்து காட்டினேன். முழங்காலைக் கொஞ்சம் அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் வைத்து, இடுப்பு ஆடாமல் தோள் மட்டும் லேசாக உருண்டு, கையில் எதையோ அணைத்துக்கொண்டிருப்பது போல. நடந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது அது யாருடைய நடை என்று. கமலநாதன் நான்கு நாளில் பிடித்துக்கொண்டார், நல்ல நடிகர். இப்போது செட்டில் அவர் வாசல் பக்கமிருந்து வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். சாயந்திர வெளிச்சத்தில், முகம் தெரியாத தூரத்தில், அவர் ஏசுவடியான்.

ஏசுவடியான் சாத்தான்குளத்துக்குப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டுக்காரன். பட்டாளத்துக்கு வருமுன் பனையேறி. ஒரு நாளைக்கு நாற்பது பனை. அதுதான் அந்த நடை, மரத்தை அணைத்து அணைத்துத் தொடை அப்படியே நின்றுவிட்ட நடை. ராவல்பிண்டிக்குப் பக்கத்து விமானத் திடலில் எங்கள் கம்பெனியில் தமிழ் பேசுகிறவர்கள் ஒன்பது பேர், அதில் உயரத்துக்குப் பயப்படாதவன் அவன் ஒருத்தன்தான். பயிற்சிக் கோபுரத்தில் என் கால் ஆடும்போது, "ஏலே கன்னியப்பா, இதுக்கா ஆடுத? பனையில இருந்து எறங்குறதும் இதும் ஒண்ணுதாம்லே. இதுல இடுப்புல அருவா இல்ல, கலயம் இல்ல, வெறும் ஆளா எறங்குதோம். சொகம்" என்பான். தண்ணீர் என்றால் மட்டும் அவனுக்கு ஆகாது. தேரியில் தண்ணீர் ஏது? குளிக்கிற தொட்டியில்கூட மக்கில் மொண்டுதான் குளிப்பான், இறங்கமாட்டான், நாங்கள் கேலி செய்வோம், "கெண்டைக்காலுக்கு மேல நனைஞ்சா எங்க ஊர்ல சாதி விலக்கம்" என்று அவனும் கேலியாகவே பதில் சொல்வான். நான்கு நாள் கோபுரம், மூன்று நாள் ஊஞ்சல், அப்புறம் ஒரு காலையில் டகோட்டா விமானம். நான் ஐந்து, அவன் ஆறு. நூலகத்தில் புத்தகம் அடுக்கியது போல ஒருத்தன் முதுகில் ஒருத்தன் ஒட்டி நிற்கவேண்டும், பின்னாலிருப்பவனின் வலது கை முன்னாலிருப்பவனின் முதுகில். சிவப்பு விளக்கு. என் முதுகில் அவன் கை. சூடாக, தோசைக்கல் மாதிரி இல்லை, வெயிலில் கிடந்த ஓடு மாதிரி ஒரு சூடு, சட்டைக்குள்ளும் தெரிந்தது. இன்னும் தெரிகிறது, இதோ வாரின் கொக்கி உறுத்துகிற அதே இடம். காதுக்குப் பின்னால் கத்தினான், "போலே, நான் பின்னாலயே வாரேன்." பச்சை விளக்கு. ஒன்று போனான், இரண்டு போனான், மூன்று, நான்கு. மனிதர்கள் போவதே தெரியவில்லை, இடம் காலியாவதுதான் தெரிந்தது. அப்புறம் என் முன்னால் யாரும் இல்லை. வாசல் இருந்தது. வாசலில் வெளிச்சம். கீழே கோதுமை வயல், சின்னச் சின்னதாகத் துண்டு போட்டது, ஓரத்தில் வெள்ளியாக ஏதோ மின்னியது. என் இரண்டு கையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன. நான் பிடிக்கவில்லை. அவை பிடித்துக்கொண்டன.

படத்தில் சிங்காரம் செய்யப்போவது போல நான் கத்தவில்லை, தலையை ஆட்டவில்லை. உட்கார்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தவன் உட்காருவது போல வாசலிலேயே மெதுவாக உட்கார்ந்தேன். சார்ஜெண்ட் ஒரு கையை விடுவித்தான், அது மறுபடி போய்ப் பிடித்துக்கொண்டது. ஏசுவடியான் என்னைத் திட்டவில்லை, உதைக்கவில்லை. என் தலைக்கவசத்தின் மேல் கையை ஒரு தடவை வைத்தான், வைத்து, அதை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனான். எல்லாம் சேர்த்து ஆறு வினாடி. ஐந்தாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம், நான் ஆறு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷமாக எண்ணிப் பார்க்கிறேன், குழாயில் குடம் நிறையும்போது, சிக்னலில், படத்தில் யாராவது கதவைத் திறந்து மூடும்போது. ஆறு வினாடியில் ஒரு டகோட்டா முந்நூறு கெஜம் போகும். விமானம் தரையிறங்கி, குதித்தவர்கள் லாரியில் திரும்பி வருவதற்குள், என் கட்டிலைச் சுருட்டிவிட்டார்கள். அது அங்கே வழக்கம். மறுத்தவன் முகத்தை மற்றவர்கள் பார்க்கக்கூடாது, தட்டம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். அடிக்கவில்லை, வசவுகூட இல்லை, ஒரு ஜீப், ஒரு சீட்டு, ரயில் நிலையம். தட்டும் குவளையும் என் மடியில் இருந்தன. ஜீப் ஓட்டியவன் பெஷாவர்க்காரன், அவன்தான் போகிற போக்கில் சொன்னான், ஆறாம் நம்பர் திடலைத் தாண்டி ஏரியில் விழுந்துவிட்டான், வார் அவிழ்வதற்குள் மூழ்கிவிட்டான் என்று. மின்னியது ஏரி. அவனுக்கு நான்தான் ஐந்தாம் நம்பர் என்று தெரியாது. "ஐந்தாம் நம்பர் எவனோ வாசலில் சமாதி கட்டிவிட்டானாம்" என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் எனக்கு யுத்தம் முடியும்வரை ஒரு கிடங்கில் போர்வை மடிக்கிற வேலை. நான்கு மடிப்பு, இரண்டு மடிப்பு, ஒரு உருட்டு. சாத்தான்குளத்துக்கு, அவன் வீட்டுக்கு, ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நினைத்தேன். நேரம், ஆள், பெயர் வரைக்கும் எழுதினேன்.

வானம். சுவர். வாசல். வானம். சுற்றுவது நின்றுவிட்டதா, நான் தூங்குகிறேனா? மேலே விளக்குகள் வைக்கிற பரண் மேல் யாரோ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கையில் கருப்பட்டி. "என்னலே, இன்னும் தொங்கிட்டா கெடக்க?" என்கிறான். சாப்பாட்டு நேரம், கால் ஷாட் ஒண்ணு பாக்கி என்கிறேன். "வெள்ளைக்காரன் போயி பதினேழு வருசம் ஆச்சாமே, நீ இன்னும் எறங்கலியோ?" நீ பின்னாலயே வரேன்னு சொன்னே என்கிறேன். கேட்கவேண்டும் என்று நினைத்தது அது இல்லை, ஆனால் அதுதான் வந்தது, குற்றம் சாட்டுவது போல வந்தது. கருப்பட்டியைக் கடித்து மெல்லுகிறான், தாடை இறுகவில்லை, சாதாரணமாக மெல்லுகிற தாடை. "வந்தேம்லா," என்கிறான். "வந்தேன். நீதாம் முன்னால இல்ல." கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் பேசுவது போலச் சொல்கிறான். அங்க தண்ணி ஆழமா என்று கேட்கிறேன். கால்களை ஆட்டிக்கொண்டே யோசிக்கிறான். அவன் கால் பெருவிரலிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, நான் எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, நெற்றியில் விழுந்தது. "சாரிபா!" என்று மேலேயிருந்து ஏகாம்பரத்தின் குரல். "மோரு சிந்திடுச்சு. முழிச்சுக்கினியா? டைரக்டர் வந்துட்டாரு." விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நேரம் ஒன்று ஐம்பத்தைந்து. ஆள் நாற்பதுக்கு மேல்.

கால் ஷாட் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இறக்கிவிட்டார்கள். இடது காலைத் தட்டித் தட்டி என்னுடையதாக்கிக்கொண்டேன். சிங்காரம் வெற்றிலை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார், "கன்னியப்பா, நல்லா விழுந்து பேர் வாங்கிக் குடுப்பா எனக்கு. நான் பயப்படற மாதிரி ஒருத்தன் பயப்பட முடியாதுன்னு பத்திரிகைக்காரன் எழுதணும்" என்றார். என் பின்னால் நிற்கவேண்டிய ஆறாம் சிப்பாய் பயில்வான் ஜமால், உதைக்கிறவர். ஏணியில் ஏறும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, பெரியவங்க நீங்க, காலால ஒதைக்கச் சொல்றாங்க. நான் வச்சதும் வைக்காததுமாத்தான் வைப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க." காமிரா விமானத்துக்குள்ளே, எங்கள் முதுகைப் பார்த்து இருந்தது. டூப்புக்கு முகம் கூடாது, முதுகுதான். நரஹரி கீழேயிருந்து ஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டார். "ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கோ. தலையை ஆட்டு. ஒரு அஞ்சாறு செகண்ட் அப்படியே நில்லு. ஜமால், அப்பறம் ஒதை. ரெடியா?" முன்னால் யாரும் இல்லை. வாசல் இருந்தது. அதற்கப்பால் துணி வானம், மேகத்தின் ஓரத்தில் கை அடையாளம். கைகள் மேலே எழுந்தன, வாசலின் இரண்டு பக்கத்தையும் தேடிப் போயின, பழகின இடத்துக்குப் போவது போல. வெள்ளி வர்ணம் ஈரமாக விரலில் ஒட்டியது. அப்போது ஜமால், யாரும் அவரிடம் சொல்லித்தரவில்லை, ஏழு பேர் வரிசையில் நெருக்கி நின்றால் ஒருத்தன் கை எங்கே போகுமோ அங்கே போயிற்று, வலது கையை என் முதுகில் வைத்தார். சூடான கை. "பயப்படாதீங்கண்ணே," என்றார் காதுக்குப் பின்னால், "நான் பின்னாலதான் இருக்கேன்." ஆக்ஷன் என்றார்கள். நான் போய்விட்டேன். பதினாறு அடியில் ஒன்றும் தெரியவில்லை. வயிறு மட்டும் மேலேயே தங்கி, நான் மெத்தையைத் தொட்ட பிறகு வந்து சேர்ந்தது.

"கட்! கட்! என்னய்யா இது?" என்றார் நரஹரி. "ஒதைக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா சிரிப்பு எங்கேருந்து வரும்?" மன்னிச்சுக்குங்க, கை வழுக்கிடுச்சு என்றேன். விரலில் வர்ணத்தைக் காட்டினேன். துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். ஏணியில் ஏறும்போது பிடிக்கணும், பிடிக்கணும் என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். ஆறு வினாடி, அவ்வளவுதானே, என்னைவிட அதை யார் நன்றாகச் செய்யமுடியும்? கை முதுகில் வந்தது. போய்விட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், வானத்துணி மேலே போவது தெரிந்தது, கை அடையாளம் மேலே போனது, யாரோ என்னை வழியனுப்புவது போல. சிங்காரம் வெற்றிலைச் சாறு சட்டையில் வழியச் சிரித்தார். "பயப்படுய்யா!" என்று நரஹரி ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினார். "பயப்படத்தானே ஒன்னைக் கூப்பிட்டேன்? குதிக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான். மாட்டேன்னு நிக்கணும்யா, நிக்கறதுதான் வேலை!" மூன்றாம் தடவை இரண்டு கையாலும் நிஜமாகவே பிடித்தேன். நகம் பலகையில் பதிந்தது. ஒன்று எண்ணினேன். அவ்வளவுதான் முடிந்தது. பின்னால் ஒருத்தன் நின்றுகொண்டிருக்கிறான், அவன் முறை வரவேண்டும், விமானம் போய்க்கொண்டே இருக்கிறது. கை தானாக விட்டது. நான் விடவில்லை என்று சொல்லமுடியாது, இந்தத் தடவை நானும்தான் விட்டேன்.

நரஹரி நோட்டை மூடினார். காமிராமேன் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "ஆனா குதி நல்லா இருக்கு சார், கழிச்சுடாதீங்க, வேற எங்கேயாவது ஆகும்" என்றார். நரஹரி அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ. "கோதண்டத்தைக் கூப்பிடு" என்றார். தலைக்கவசத்தைக் கழற்றினார்கள், சட்டையைக் கழற்றினார்கள், கோதண்டம் வேட்டியோடு ஓடிவந்து வாங்கிக்கொண்டான், என் வியர்வை ஆறுவதற்குள் மேலே போய்விட்டான். பின்கதவுப் பக்கம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். யாரும் என்னை மறைக்கவில்லை, கட்டிலைச் சுருட்டவில்லை. ஏகாம்பரம் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு டைரக்டரிடம் எனக்காக வாதாடப் போனான். "சார், கோச்சுக்காதீங்க. ஏழு தபா நெஜமா குதிச்ச ஆளு சார். அதுக்கு பயம்னா எப்டி சார் வரும்? தெரியாத வேலைய குடுத்துட்டு திட்டுறீங்களே!" நரஹரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "நெஜமா ஏழு தடவையாய்யா?" என்று கேட்டார். டீ கையில் ஆடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "இல்லீங்க," என்றேன். "மூணு." நரஹரி தலையை ஆட்டிக்கொண்டு ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு போனார். மேலே கோதண்டம் வாசலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று அழகாகத் தலையை ஆட்டினான், ஜமால் உதைத்தார், எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி தனபாக்கியத்திடம் ஒரு போஸ்ட் கார்டு கேட்டேன். நேரம், ஆள், பெயர் எழுதிய பிறகு நிறுத்தவில்லை.

படம் 1965 ஜூலை 16 வெள்ளிக்கிழமை வெளியானது. கடைசிச் சண்டைக்கு முன்னால் கமலநாதன் விமானத்துக்குள் எழுந்து, முழங்காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் வைத்து, வாசல் வரைக்கும் நடந்து வருகிறார். அடுத்த ஷாட்டில் குதிப்பது என் முதுகு. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை.